அடப்பங்கொடி போட்ட கிண்ணம்

மஷிகோ
9 அக்டோபர் 1971

அன்புள்ள தொமோயேவுக்கு,

இலைகள் சிவக்கும் இந்நாட்களில் நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பது நம் நாட்டு மரபு. இலைகள் தங்கள் கடமையைச் செய்துவிட்டன. மீதிக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு பெட்டி கிண்ணங்கள் ரயிலில் வருகின்றன. எல்லாம் ஜோடிக் கிண்ணங்கள். கணவனுக்குப் பெரியது, மனைவிக்குச் சிறியது. முதல் சூடு மட்டும் கண்டவை என்பதால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். என்மீது கோபம் இருந்தால் பெட்டியைத் திறந்த பிறகு காட்டு. வசந்தகாலக் கல்யாணங்களுக்காக உத்ஸுனோமியா கடையில் கேட்டிருக்கிறார்கள். வழக்கம்போல் நாணல் தீட்டி அனுப்பு.

கடைக்குக் கொள்முதல் செய்கிற கமியாமா நேற்று வந்திருந்தார். "ஏன் ஐயா ஒவ்வொரு தடவையும் இவ்வளவு லேட்டு?" என்றார். நான் வனைந்து, முதல் சூடு போட்டு, என் மனைவி இருக்கும் கடற்கரைக்கு அனுப்பி, அவள் செடி தீட்டி, திரும்பி வந்த பிறகு மெருகு ஊற்றி மறுபடி சுட வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன்.

"அம்மா எப்ப வருவாங்க?" என்றார்.

பனிக்காலத்தில் ரயில்கள் ஒழுங்காக ஓடுவதில்லை என்று சொல்லிவைத்தேன்.

பிறகு அவர் பழைய கிண்ணம் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "இதப் பாத்தாலே ஒரு நல்ல குடும்பத்தோட அமைதி தெரியுதுங்க" என்றார். இந்த மாவட்டத்தில் மணமக்களுக்கு அதிகம் பரிசாகப் போகும் பொருளைச் செய்கிறவர்கள், இரண்டு வருஷமாக ஒரே கூரையின் கீழ் சோறு தின்னாத நாம் இருவர். அமைதி இருக்கத்தான் செய்யும்.

போன பெட்டியில் ஒரு சிறிய கிண்ணம் வழியிலேயே உடைந்துவிட்டது. அதன் ஜோடியான பெரியதை நான் மறுபடி சுடவே இல்லை, ஊறப்போட்ட மண்ணோடு நொறுக்கிப் போட்டேன். ஒற்றைக் கிண்ணத்தைக் கமியாமா தொடக்கூட மாட்டார். "ஒத்தையக் காட்டினா கல்யாண வீட்டுக்காரங்க செருப்ப மாட்டிக்கிட்டு ஓடிருவாங்கய்யா." ஜோடியைப் பிரித்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நம் தெருமுனை ஓனுகி தன் மனைவியின் கிண்ணத்தை ஒரு துணியில் சுற்றி அவளுடைய பிறந்த வீட்டுக்கு அனுப்பினானே, அதற்குப் பிறகு வக்கீலுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

நான் ஏழு மணிக்குச் சாப்பிடுகிறேன். ஆறா ஏழா என்று இருபத்தெட்டு வருஷம் சண்டை போட்டோம். இப்போது எதிராளி இல்லாததால் ஏழு மணி ஜெயித்துவிட்டது. வெற்றி கொஞ்சம் ஆறிப்போய்த்தான் இருக்கிறது.

உன் அக்காவின் வீட்டுக் கூரையைப் பனிக்கு முன் பார்த்துக்கொள்.

செய்ஸோ

*

தெராதோமாரி
2 நவம்பர் 1971

அன்புள்ளவருக்கு,

நலம். கூரையும் நலம். பெட்டிகள் உடையாமல் வந்து, தீட்டி முடித்து, இன்று திரும்பக் கிளம்புகின்றன.

நாணல் கேட்டிருந்தீர்கள், நாணலே தீட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டைச் சுற்றி மணல்தான். அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தபோது மஷிகோவின் நாணல் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. அக்கா போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இப்போது நான் தீட்டுவது நாணலை அல்ல, போன வருஷம் நான் தீட்டிய நாணலை. ஒவ்வொரு பெட்டிக்கும் அது கொஞ்சம் இளைக்கிறது. நீங்கள் கவனித்தீர்களா? கமியாமா கவனித்திருக்க மாட்டார்.

ஒரு ஜோடியில் மட்டும் அடப்பங்கொடி போட்டேன். கதவைத் திறந்தால் அதுதான் மணல்மேல் படர்ந்து கிடக்கிறது. பூ முடிந்து இலை மட்டும் இருக்கிறது. கோபிக்க வேண்டாம். அன்றைக்குக் கை தானாகப் போனது. வெந்த மண் சாயத்தை எப்படிக் குடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், வைத்த கோட்டைத் திரும்ப எடுக்க முடியாது.

எனக்கு ஒரு ஆசை. இங்கிருந்து போகும்போது என் கோடுகள் எல்லாம் மங்கலாக, அழுக்குச் செங்கல் நிறத்தில்தான் போகின்றன. மெருகுக்கு அடியில், இரண்டாவது சூட்டில்தான் அவற்றுக்கு உயிர் வருகிறது. அந்த உயிரை நான் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு படம் போடுவது போல இருக்கிறது. சுட்டு முடித்த ஒரே ஒரு கிண்ணம் எனக்கு அனுப்புங்கள். நான் அக்காவின் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாப்பிடுகிறேன் என்று வெளியே தெரிந்தால் உங்கள் சூளைக்குத்தான் அவமானம்.

ஆறு மணிக்குத்தான் சாப்பிடுகிறேன். இங்கேயும் எதிராளி இல்லை.

தொமோயே

*

மஷிகோ
11 டிசம்பர் 1971

அன்புள்ள தொமோயேவுக்கு,

குளிர் நாளுக்கு நாள் கூடும் இவ்வேளையில், இத்யாதி.

சூளை திறந்தோம். நன்றாகவே வந்திருக்கிறது. தோக்கியோவிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்திருந்தார். பத்திரிகையில் எழுதுகிறவராம். ஒவ்வொரு கிண்ணத்தையும் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்த்தார். இவர் பெண் பார்க்கப் போனபோது என்ன செய்தாரோ தெரியவில்லை. பிறகு ஒரு நாணலைச் சுட்டிக்காட்டி, "முந்தியெல்லாம் நாணல் தண்டு நிறைய இருக்கும், இப்ப ரெண்டே கோடு. வெறுமையைத் துணிஞ்சு விட்டிருக்கீங்க" என்றார். நாணல் இளைக்கிறது என்று நீ எழுதினாயே, அதுதான். மறதிக்கு இனிமேல் துணிவு என்று பெயர்.

எல்லா ஜோடியும் கடைக்குப் போய்விட்டன. அடப்பங்கொடி மட்டும் போகவில்லை. கமியாமா அதைப் பார்த்ததும், சோற்றில் கல்லைக் கடித்தவர் போல நின்றார். "மன்னிக்கணும் ஐயா. நாணல்னா நிமிந்து நிக்கும். இது கொடி. மருமக வந்து மகன் காலச் சுத்தி வளைக்கிற மாதிரி இருக்குன்னு மாமியாருங்க வாங்க மாட்டாங்க." கல்யாணத்தை நடத்துவது மாமியார்கள்தான் என்பதால் நான் வாதாடவில்லை. ஜோடி அலமாரியில் இருக்கிறது.

நீ கேட்ட கிண்ணம் இந்த முறை அனுப்ப இயலவில்லை. அவ்வளவு பார்க்க வேண்டும் என்றால் இங்கே வந்து பார்.

அலுத்துப்போய் நானே ஒரு கிண்ணத்தில் நாணல் தீட்டினேன். சுட்டபின் துடைப்பம் வந்தது.

சுரைக்காய் வற்றல் ஒரு கட்டு தனியாக அனுப்பியிருக்கிறேன்.

செய்ஸோ

*

தெராதோமாரி
23 ஜனவரி 1972

அன்புள்ளவருக்கு,

வற்றல் வந்தது. உங்கள் கடிதம் பனியில் எங்கோ சிக்கி, வற்றலுக்கும் பின்னால் வந்தது. வாசல் வரை பனி. கடல் எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டு சுனெ அக்கா மட்டும் கூரையிலிருந்து கூரைக்குக் குரல் கொடுத்துப் பேசுவாள். அவள் வீட்டுக்காரர் கடலோடு போய் வெகுகாலம் ஆகிறது. இன்னும் அவரோடு பேசுகிற உரத்த குரலிலேயேதான் எங்களோடும் பேசுகிறாள்.

உங்கள் கடிதத்தில் 'இங்கே வந்து பார்' என்று இருந்ததே, அந்த வரியை அவளிடம் படித்துக் காட்டினேன்.

"இது கூப்பிடறதா, வம்புக்கு இழுக்கறதாடீ?"

"கட்டின நாளா எனக்கும் அதுதான் விளங்கல அக்கா."

"எங்க வீட்டுக்காரு வாயத் தெறந்தா திட்டுதான் வரும். ஆனா கூப்பிட்டா கூப்பிட்டதுதான், அந்தக் கரை வரைக்கும் கேக்கும். உன் ஆளு என்னடான்னா நாலு பக்கம் எழுதறாரு, அதுல ஒரு கூப்பாடு இல்ல. கட்டினவன் அங்க மண்ணத் திங்கறான், நீ இங்க மீனத் திங்கற. நல்லாருக்குடீ உங்க குடும்பம்!"

என் தூரிகை முடி கொட்டிவிட்டதால் அவளுடைய நாயின் வயிற்றில் கொஞ்சம் முடி வெட்டிக்கொண்டேன். அதற்கும் ஒரு கூச்சல். "இந்தக் குளிருல நாய மொட்டையடிச்சவ, புருசன் மேல எரக்கம் காட்டவா போறா!" நாய் ஒன்றும் சொல்லவில்லை. தூரிகை நன்றாக அமைந்திருக்கிறது.

சரி, நேராகவே எழுதுகிறேன். நம் இருவரில் ஒருவராவது எழுத வேண்டும். நான் கோபித்துக்கொண்டு வந்தவள் இல்லை. அக்காவுக்காக வந்தேன், அக்கா போனாள், யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை, நானாக எழுந்து வரவும் இல்லை. அவ்வளவுதான் கதை. நீங்கள் 'வா' என்று ஒரே ஒரு சொல் எழுதினால், பனி கரைந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவேன். அதற்குப் பெரிய வாக்கியம் எதுவும் வேண்டாம்.

யாரும் வேண்டாம் என்று சொன்ன அடப்பங்கொடி அலமாரியில் சும்மாதானே இருக்கிறது? அதையாவது அனுப்புங்கள். அதன் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

தொமோயே

*

மஷிகோ
6 மார்ச் 1972

தொமோயேவுக்கு,

பிளம் மரம் பூத்திருக்கிறது. நாய்க்கு என் அனுதாபங்கள்.

நீ ஒரு சொல்லும் ஒரு கிண்ணமும் கேட்டிருந்தாய். கிண்ணம் இத்துடன் வருகிறது.

சிறியதை அனுப்பியிருக்கிறேன். பெரியதை நான் வைத்துக்கொண்டேன்.

சூளைக்கூரையில் ஒரு மூலை இறங்கிவிட்டது. அடுத்த வனைவு இரண்டு பெட்டி தனியாக வருகிறது. நாணல்.

செய்ஸோ

*

தெராதோமாரி
3 ஏப்ரல் 1972

அன்புள்ளவருக்கு,

கிண்ணம் வந்தது. துணியை அவிழ்த்தேன்.

முதலில் நிறத்தைச் சொல்கிறேன், அதற்காகத்தானே கேட்டேன். கதவோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் உமிச் சாம்பல் மெருகு ஊற்றியிருக்கிறீர்கள், கஞ்சியின் மேல் ஏடு படிந்த மாதிரி. அதற்கு அடியில் கொடி கிடக்கிறது. தூரிகையை ஊன்றிய இடத்தில் கோடு கறுப்பு. இழுக்க இழுக்கத் துருவாகி, இலை நுனியில் தேநீர்க் கறை மாதிரி ஆகி, அதற்கப்புறம் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் தூரிகையின் முடி இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அந்த இடைவெளியில் உங்கள் மண் தெரிகிறது. தீட்டும்போது அதைப் பிழை என்று நினைத்தேன். கொடி மணலுக்குள் புகுந்து வெளியே வருவது போல இருக்கிறது. பின்பக்கம் ஒற்றை இலை போட்டிருந்ததை நானே மறந்துவிட்டேன். கழுவுகிறவர்கள் மட்டும்தான் அதைப் பார்ப்பார்கள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததில் இதுதான் நல்லது என்று நினைக்கிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செய்தது.

இனி மற்றது. நீங்கள் விளக்காமல் விட்டதை நான் விளக்கிக்கொண்டேன். நானும் மஷிகோவில் வாழ்ந்தவள்தானே. ஜோடியில் சிறியது மட்டும், பெட்டியில்லாமல், ஒரு துணியில் சுற்றி, என் அக்கா வீட்டு விலாசத்துக்கு. ஓனுகியாவது நீல நிறத் துணி தேர்ந்தெடுத்தார். சொல்லைக் கேட்டேன், அதற்குப் பதில் வந்துவிட்டது. ஏன் இப்படி என்று நான் கேட்கப்போவதில்லை.

கையிலிருக்கும் இரண்டு பெட்டியையும் ஒப்புக்கொண்டபடி தீட்டித் தருவேன். அதற்குமேல் அனுப்ப வேண்டாம். கமியாமாவிடம் என்ன சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். குடும்ப அமைதி என்று சொன்னால் நம்புவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிய சோற்றை அப்படியே சாப்பிடாமல் வெந்நீராவது ஊற்றிக்கொள்ளுங்கள்.

தொமோயே

*

மஷிகோ
7 ஏப்ரல் 1972

தொமோயே,

பருவத்தைப் பற்றி எழுத நேரமில்லை.

ஒற்றைக் கிண்ணத்துக்கு அளவாகச் சிறு பெட்டி செய்கிற தச்சனுக்குக் கை சுளுக்கு. அதனால் துணி. ஓனுகியை நான் நினைக்கவே இல்லை. நினைத்தேன், ஆனால் முடிச்சுப் போட்ட பிறகு. அவிழ்த்து வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "என்ன ஐயா, அம்மாவுக்கா?" என்று சிரித்தார். அவசரத்தில் கொடுத்துவிட்டேன். ஒரு கல்யாணம் முறிவதற்கு ஒரு தச்சனின் மணிக்கட்டு போதும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

கேள். போன வருஷமே அனுப்பாததற்கும் இதுதான் காரணம். ஒன்றை மட்டும் அனுப்பினால் நீ இப்படித்தான் நினைப்பாய் என்று பயந்து அனுப்பவில்லை. இரண்டையும் அனுப்பினால் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது. அலமாரியில் இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? அது பொய். சூளையிலிருந்து வந்த அன்றிலிருந்து பெரியதில்தான் சாப்பிடுகிறேன். சிறியதையும் அதோடு சேர்த்து எடுத்து வைப்பேன், அதோடு சேர்த்துக் கழுவி வைப்பேன். யாரும் சாப்பிடாத கிண்ணத்தை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்காதே. தூசி படியும். பின்பக்கத்து இலையை எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ ஜனவரியில் எழுதிய கடிதம் வந்த அன்றே அந்த ஒரு சொல்லை எழுத உட்கார்ந்தேன். நான் படித்தவன் என்று ஊரில் பெயர். தச்சனுக்கும் தபால்காரருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பவன். அந்த ஒரு சொல் மட்டும் காகிதத்தில் தனியாக நிற்கையில் ரொம்பச் சிறியதாகத் தெரிந்தது. அதனால் அதற்குப் பதிலாகக் கிண்ணத்தை அனுப்பினேன். கிண்ணம் பேசும் என்று தோக்கியோக்காரர் சொல்லியிருந்தார். பேசியிருக்கிறது, வேறு எதையோ.

வா.

நாணல் வேண்டாம். நீ எதை வேண்டுமானாலும் தீட்டு. கமியாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மணிக்கே சாப்பிடலாம்.

செய்ஸோ

*

தெராதோமாரி
28 மே 1972

அன்புள்ளவருக்கு,

பதிலுக்கு இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். அடப்பங்கொடி பூக்கும்வரை காத்திருந்தேன். இப்போது வாசலிலிருந்து அலை வரைக்கும் பூ.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். சுனெ அக்காவிடம் கடைசிப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளிடம் நான் அதுவரை கண்டிராத விஷயம். "ஆள் கூப்பிட்டுட்டாருடீ. பெட்டியக் கட்டு" என்றாள். உடனே, "நாய என்கிட்ட விட்டுட்டுப் போ" என்றாள். நாய் அவளுடையதுதான்.

பெட்டியைக் கட்டினேன். மடித்துவைத்த துணிகளோடு இரண்டு நாள் அது வாசலிலேயே இருந்தது. பிறகு அவிழ்த்துவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மார்ச்சில் அந்தத் துணியை அவிழ்த்தபோது, என்ன அர்த்தத்தில் அனுப்பியிருக்கிறீர்கள் என்பது முடிச்சைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. கிண்ணத்தைக் கதவோரம் எடுத்துப்போய், திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தப் பிரிந்த கோட்டைப் பார்த்து, சாயம் இன்னும் கொஞ்சம் நீர்க்க இருந்தால் நுனி எப்படி வந்திருக்கும் என்று யோசித்து, அடுப்பில் மிசோ சூப் பொங்கிய பிறகுதான், ஐயோ, என்னைத் தள்ளிவைத்துவிட்டாரே என்று தோன்றியது. நிறத்தை முதலில் பார்த்தேன், புருஷனை அப்புறம்தான் பார்த்தேன். அந்த வரிசையில் பார்க்கிறவள் அங்கே வந்து என்ன செய்வாள்? உங்களுக்கு ஆறு மணிக்குச் சோறு போடுவாள், நாணல் தீட்டுவாள். நீங்கள் எதை வேண்டுமானாலும் தீட்டு என்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே நாணல்தான் நிற்கும்.

ஜனவரியில் அந்தச் சொல் வந்திருந்தால் வந்திருப்பேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இப்போது வந்ததும் பொய்யில்லை என்று தெரியும். அதை வைத்துக்கொள்கிறேன், திருப்பி அனுப்பமாட்டேன். கிண்ணத்தையும் அப்படித்தான்.

ஏப்ரலில் எழுதியதில் ஒன்றை மட்டும் மாற்றுகிறேன். மண்ணை அனுப்புவதை நிறுத்த வேண்டாம். இரண்டு பெட்டியும் தீட்டி இன்று ரயிலில் போட்டிருக்கிறேன். திறந்ததும் திடுக்கிட வேண்டாம். பெரிய கிண்ணங்களில் நாணல். நினைவில் மிச்சமிருந்ததைப் போட்டேன், சில இடங்களில் ஒற்றைக் கோடுதான். சிறிய கிண்ணங்களில் அடப்பங்கொடி, பூவோடு. ஒரு ஜோடியில் ஒரே செடிதான் முளைக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒன்றும் சட்டம் போடவில்லை. கமியாமா முனகுவார். தோக்கியோக்காரரை வரவழைத்துவிடுங்கள். அவர் ஒரு பெயர் வைத்துவிடுவார், மாமியார்களும் வாங்கிவிடுவார்கள்.

இந்த வருஷம் நாணல் பூக்கும்போது பூவோடு நாலு தண்டு வெட்டி மண்ணோடு அனுப்புங்கள். வாடினாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று. சிறிய கிண்ணத்தில் ஒரு ஆளுக்குச் சோறு சரியாக இருக்கிறது. நான் ஆறு மணிக்குச் சாப்பிடுகிறேன், நீங்கள் ஏழு மணிக்கு. ஆறு மணிக்கே சாப்பிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு தோற்க வேண்டாம். நீங்கள் அரை மணி முன்னால் வாருங்கள், நான் அரை மணி பின்னால் வருகிறேன். இன்றிலிருந்து ஆறரைக்குத்தான் உட்காருகிறேன்.

தொமோயே